மூட்டு வீங்கிய வாரத்திலும் தாங்குகிற வழி எது?

முடக்குவாதம் வந்து 11 வருடம் ஆகிறது. அப்பாவிடம் வாங்கிய அடிகளுக்கு வயது அதைவிட அதிகம். நோய்க்கு நோட்டு இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இரவு போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை இருக்கிறது. அடிகளுக்கு ரொம்ப நாள் எதுவுமே இல்லை. தெருவில் டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டால் என் தோள் இரண்டும் தானாகக் காது வரைக்கும் ஏறும். வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் இறங்கும். எனக்கு 38 வயது. அப்பா அந்த வண்டியை விற்று 20 வருடம் ஆகிறது.

3 வருடத்துக்கு முன்பு என் மூட்டு மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "வீக்கம் குறைஞ்சிருக்கு, சி.ஆர்.பி. நல்லா இருக்கு. ஆனா நீங்க தூங்கவே இல்லையேம்மா" என்றார். சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. மனநல மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி. அரசு மருத்துவமனையா, தனியாரிடம் பழைய நினைவுகளை நேரடியாகத் தொடும் சிகிச்சையா, போனில் கவுன்சலிங்கா, தனியாக உட்கார்ந்து எழுதுவதா, இல்லை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டே விடுவதா? ஐந்தில் நான்கை நான் முயன்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: முழங்காலும் விரலும் வீங்கி, படுக்கையை விட்டு எழ முடியாத வாரத்தில் இந்த வழி என்ன ஆகும்? உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளில் இந்தக் கேள்வியைப் பார்க்கவே முடியவில்லை. நாள்பட்ட நோய் உள்ளவருக்கு முதல் கேள்வியே இதுதான்.

அதற்கு முன்னால் ஒன்று. சிறு வயதுக் காயத்துக்கும் பெரிய வயது நோய்க்கும் தொடர்பு உண்டா? உண்டு. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் நடத்திய பெரிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. வீட்டில் அடி, அவமானம், குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தல் என்று சிறு வயதில் எத்தனை வகைத் துன்பம் கூடியதோ, அத்தனைக்கு இதய நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு எல்லாமே கூடியிருந்தன. அதே ஆய்வில் கலந்துகொண்ட 15,357 பேரை வைத்து 2009இல் இன்னொரு கட்டுரை வந்தது. அப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்களைக் கண்டவர்கள் வாத நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்வது, எதுவும் காணாதவர்களைப் போல இரண்டு மடங்கு என்று அதில் இருந்தது. படித்த அன்று ராத்திரி முழுக்க அழுதேன். 'அப்பாதான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தார்' என்று நம்பினேன். அது சரியல்ல. கூடுதல் ஆபத்து என்பது பல்லாயிரம் பேரைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு. ஒரு தனி ஆளுக்கு நோய் ஏன் வந்தது என்று அது சொல்லாது. ஒரு தடவைகூட அடி வாங்காதவர்களும் மூட்டுப் பிரிவின் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனது ஆறினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் மூட்டெலும்பு அரித்துப்போகக்கூடும். மனக்காயச் சிகிச்சை மருந்தோடு கூடச் சேர்வது. மருந்தின் இடத்துக்கு வருவதல்ல.

அப்புறம், 'எல்லா வீட்டிலும் அடிக்கத்தான் செய்தார்கள்' என்பார்கள். அடியாத மாடு படியாது என்ற பழமொழியைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லா வீட்டிலும் என்பது கிட்டத்தட்ட உண்மைதான். உண்மை என்பதால் வலி குறைந்துவிடாது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் முதலில் போனேன். காரணம் எளிது: மூட்டுப் பிரிவு இருக்கும் அதே வளாகம், அதே ஓ.பி. சீட்டு, ஒரே பஸ். முழங்கால் வீங்கும் ஆளுக்கு ஒரு பஸ் மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை. செலவும் இல்லை. மாவட்ட மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் உண்டு. பயமாக இருந்தது சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்பதுதான். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பெயரை நம் ஊரில் இன்றைக்கும் வசவாகத்தானே சொல்கிறார்கள். அந்த வசவுக்குப் பயந்தே எத்தனை பேர் தூங்காமல் கிடக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எனக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் அந்த மருத்துவர் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. என் மூட்டு நோட்டை வாங்கி, மருந்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். வலி மாத்திரை தினமும் போடுகிறேனா என்று கேட்டார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் வகை மருந்தும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். மூட்டுக்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடுபவருக்கு, மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோப்ராம் கொடுப்பதென்றால் இரண்டும் இதயத் துடிப்பின் கணக்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். டுலாக்செட்டின் மனச்சோர்வுக்கும் உதவும், மூட்டு தசை வலிக்கும் உதவும். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போலவே அதற்கும் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். இவ்வளவும் நோட்டு கையில் இருந்ததால்தான் பேசப்பட்டது. மனநல மருத்துவரிடம் போகும்போது வேறு எதை மறந்தாலும் அந்த நோட்டை மறக்காதீர்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறீர்களா என்பதையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கத்தைக் கெடுப்பதும் மனதை ஏற்றி இறக்குவதும் சில சமயம் அதுவாகவே இருக்கும்.

வீக்க வாரத்தில் இந்த வழி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மாத்திரை தலைமாட்டில் இருக்கும். ஐந்து வழிகளில் இந்தச் சோதனையில் முழுதாகத் தேறியது இது ஒன்றுதான். ஆறு வாரத்தில் நான் தூங்க ஆரம்பித்தேன். ஆனால் டி.வி.எஸ். 50 சத்தத்துக்கு அப்போதும் தோள் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன், தனியாரிடம். மனக்காயத்துக்கென்றே உள்ள சிகிச்சைகளில், அதை மையப்படுத்திய சி.பி.டி.யையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) ஈ.எம்.டி.ஆர். என்ற முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. ஈ.எம்.டி.ஆர். 1980களின் கடைசியில் ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கியது. பழைய நினைவு ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். முடக்குவாதக்காரர்கள் பலருக்குக் கண் வறட்சி உண்டு, எனக்கும் உண்டு. பத்து நிமிடத்தில் மணல் போட்ட மாதிரி உறுத்தியது. கண்ணுக்குப் பதிலாக இரண்டு முழங்கைகளிலும் மாறி மாறித் தட்டலாம், காதில் மாறி மாறி ஒலி கேட்கலாம். இது முறையிலேயே இருக்கிறது, சலுகை இல்லை, கூச்சப்படாமல் கேட்கலாம்.

இந்த வழியில்தான் நான் நன்றாக அடிபட்டேன். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருந்த மாதத்தில் தொடங்கினேன். இரண்டாவது அமர்விலேயே சமையலறைத் தாழ்ப்பாள் விஷயம் வெளியே வந்தது. மூன்றாவது அமர்வுக்கு முந்தின நாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கின. ஐந்து வாரம் போக முடியவில்லை. திறந்து வைத்த நினைவோடு, மூட இன்னொரு ஆள் இல்லாமல், அந்த ஐந்து வாரம் படுத்துக் கிடந்தேன். போன் செய்தபோது, "தொடர்ந்து வராட்டி பலன் இருக்காதும்மா, உங்களுக்கு ஈடுபாடு வேணும்" என்று பதில் வந்தது. விரலை மடக்க முடியாதவளிடம் ஈடுபாடு இல்லை என்றால் என்ன சொல்வது? நான் திரும்பப் போகவில்லை.

பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு விபத்து, ஒரு வெள்ளம் போல ஒரே சம்பவத்தால் வரும் காயம் வேறு; வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே நடந்த காயம் வேறு. 2022இலிருந்து நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இந்த இரண்டாவதற்கே தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு மூன்று கட்டமாகப் போவது நல்லது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992லேயே சொல்லிவிட்டார். முதலில் பத்திரமான நிலை, அப்புறம்தான் நினைவு, கடைசியில் மனிதர்களோடு மீண்டும் சேர்வது. முதல் கட்டம் தேவையில்லை, நேராகத் தொடங்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. திடமான உடம்புக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு, உடம்பு அடிக்கடி வாக்குத் தவறும் நிலையில், முதல் கட்டத்தை நீட்டித்ததுதான் பிழைக்க வைத்தது.

அதனால் இந்த வழி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய நினைவின் பல்லைப் பிடுங்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். வீக்கம் வந்து நடுவில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? அந்த வாரங்களில் போனில் 15 நிமிடம் பேச முடியுமா? ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், திறந்ததை மூடிவிட்டு அனுப்புவீர்களா? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேளுங்கள். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். எனக்கு ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. மாதம் நான்கு என்றால், அச்சகத்துக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுக்கும் என் வருமானத்துக்கு அது பெரிய தொகை.

மூன்றாவது, போன் வழியான கவுன்சலிங். வீக்க வாரத்தில் படுத்துக்கொண்டே பேசலாம் என்பதால் எனக்கு இதுதான் தோது என்று நினைத்தேன். கஷ்டம் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் வீடு ஒரு ஹாலும் ஓர் அறையும். அம்மா காய் நறுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது என்றால் என் பேச்சு அம்மாவுக்குக் கேட்கும். மொட்டை மாடிக்கு 16 படி. நல்ல நாளில்தான் மாடி. கடைசியில் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டேன். அம்மா தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். அப்பா அந்நேரம் டீக்கடையில் இருப்பார். திங்கள்கிழமை என்னால் முடியாது, ஞாயிறு போட்ட மாத்திரையின் குமட்டல் அன்றைக்கெல்லாம் இருக்கும். இப்படி வாரத்தில் எந்த நாளில் உடம்பும் வீடும் சேர்ந்து இடம் விடுகின்றன என்று பார்த்துவிட்டு நேரம் கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் நேரத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தமிழில் பேசுகிறவரைத் தேடுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்வேன். முதலில் கிடைத்தவர் ஆங்கிலம் கலந்துதான் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் கதையைச் சொல்லிவிட்டுக் கண் கலங்காமல் எழுந்துவிட்டேன். இரண்டாமவர், "அப்ப என்ன வஞ்சாங்க? அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அந்த வார்த்தை தமிழில்தான் இருந்தது. சொல்லி முடிக்க எனக்கு மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. அடி வாங்கியது எந்த மொழியிலோ அந்த மொழியில்தான் அது கரைகிறது, என் அனுபவத்தில்.

நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தொடர் சிகிச்சைக்கு அது போதாது, ஆனால் அந்த ஒரு ராத்திரியைக் கடக்கப் போதும். நான் ஒரு தடவை கடந்திருக்கிறேன்.

எழுதுவது பற்றிக் கொஞ்சம். இதைச் சும்மா மனச்சமாதானம் என்று தள்ள முடியாது. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களையும் முடக்குவாதம் உள்ளவர்களையும் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், வாழ்க்கையில் மிகவும் வருத்திய விஷயத்தை எழுதச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து முடக்குவாதக்காரர்களின் நோய்த் தீவிரம் சராசரியாக 28 சதவீதம் குறைந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பலன் எப்போதும் கிடைக்கவில்லை, அதனால் அந்த எண்ணை நம்பி உட்காராதீர்கள். காசு இல்லை, பஸ் இல்லை. ஆனால் எழுதிய அன்றைக்கு மனது இன்னும் கீழே போகும், தனியாக இருப்பவர்களுக்கு அது ஆபத்து. வீக்க வாரத்தில் பேனா பிடிக்க வராது என்பது இன்னொன்று. நான் போனில் குரல் பதிவு செய்து, கேட்காமலேயே அழித்துவிடுவேன். நோட்டை எங்கே ஒளிப்பது என்ற கவலையும் அதில் போயிற்று.

மூச்சுப் பயிற்சி, 'கண்ணை மூடி உடம்பைக் கவனியுங்கள்' வகையறாக்கள் எனக்கு ஒத்துவரவில்லை. கவனித்தால் அங்கே இருப்பது வலிதான். கண்ணைத் திறந்து வைத்து, குளிர்ந்த டம்ளரைக் கையில் பிடித்து, ஜன்னல் கம்பிகளை எண்ணுவது உதவியது. சிலருக்கு யோகா நன்றாகவே பலன் தருகிறது, மூட்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி ஐந்தாவது வழி. என்னிடம் பேசும் பெண்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். கேட்டுவிடலாமா? 'ஏன் அப்படி அடித்தீர்கள், நீங்கள் ஏன் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்' என்று? இல்லை, வீட்டை விட்டே போய்விடலாமா?

நல்ல உடம்புள்ளவருக்கு இது தைரியத்தைப் பற்றிய கேள்வி. எனக்குக் காலை ஆறு மணியைப் பற்றிய கேள்வி. ஆறு மணிக்கு என் விரல்கள் கட்டை மாதிரி இருக்கும். அம்மா ஒரு குண்டானில் வெந்நீர் வைத்து, ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கொண்டுவருவார். என் கையை அவரே தூக்கி உள்ளே வைப்பார். அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் முதலில் மடங்கும். இதே கைகள்தான் அன்றைக்கு அடுப்படியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றன, தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அம்மாவும் அடி வாங்கியவர்தான். இரண்டும் உண்மை. காலையில் அந்த வெந்நீர் எனக்கு வேண்டும், சாயங்காலம் அந்தக் கேள்வியும் எனக்கு வேண்டும்.

வீட்டை விட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும், லூபஸ் என்ற, மூட்டையும் தாக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர். போன பிறகு முதல் வீக்கத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் இரண்டு நாள் மாத்திரை போடாமல் கிடந்திருக்கிறார். திரும்பி வர வேண்டியதாயிற்று, முன்பைவிடத் தாழ்ந்த நிலையில். அதற்காக அவர் போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் கை ஓங்குகிற வீடு என்றால் முதலில் வெளியே வாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. பெண்களுக்கான உதவி எண் 181. ஆனால் அடி நின்று வருடங்கள் ஆகி, நோய்க்காக அதே வீட்டை நம்பியிருப்பவர்கள், கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்: பதிலாக மௌனமோ சண்டையோ வந்தால், அந்த மாதம் என் மருந்து, என் வெந்நீர், என் பஸ் துணை என்ன ஆகும்? எதற்கெல்லாம் யாரை நம்பியிருக்கிறேன்? ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஏற்பாடு உண்டா?

நான் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை மேடத்திடம் படித்துக் காட்டினேன். ஏழு வரி வந்தது. ஐந்தில் அம்மா, இரண்டில் அப்பா. இப்போது என் ஏற்பாடு இப்படி இருக்கிறது: அரசு மருத்துவமனை மாத்திரை தொடர்கிறது, வெள்ளிக்கிழமை போன் தொடர்கிறது, வீக்க வாரம் என்றால் பழைய விஷயத்தைத் தொடாமல் அன்றைய வலியை மட்டும் பேசுவது என்று ஒப்பந்தம். சி.ஆர்.பி. தொடர்ந்து மூன்று மாதம் அடங்கியிருந்தால் ஈ.எம்.டி.ஆர். மறுபடி, இந்தத் தடவை முழங்கையில் தட்டும் முறையில், வேறு ஒருவரிடம். கொஞ்சம் பணமும் கொஞ்சம் அமைதியான உடம்பும் உள்ளவர்கள் நேராக அங்கேயே தொடங்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் என்னைப் போல ஓ.பி. சீட்டிலிருந்து தொடங்குவதே நல்லது.

அம்மாவிடம் பாதி கேட்டுவிட்டேன். அப்பாவிடம் இன்னும் இல்லை. மாதா மாதம் மருந்துக் கடைக்குப் போய் என் மாத்திரையை வாங்கி வருவது அவர்தான். பட்டியலில் அவர் பெயர் இருந்த இரண்டு வரிகளில் ஒன்று அது. கடைக்காரரிடம் பேசிவிட்டேன். சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பினால் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பான். இந்த மாதத்திலிருந்து அப்படித்தான்.